மறு: சினைப்பருக்குத் தமிழ் – ‘கண்காணி’ மட்டும் வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். மூன்று நாளாக மழை, மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. சினைப்பருக்கு, அதாவது மறைந்து கிடந்து சுடும் ஸ்னைப்பருக்கு (sniper), தமிழில் என்ன சொல்லலாம் என்று நீங்கள் எழுதிய மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவுதான் சேர்த்து வாசித்தேன். காட்டுக்குள் இயங்கும் சினைப்பர்களைப் பற்றிய அந்தப் படத்துக்குத் தமிழ் உபதலைப்பு எழுதும் வேலை எங்கள் பொடியன்கள் நாலு பேரிடமும் என்னிடமும் இருக்கிறது. இங்கே முடிவாகும் சொல்தான் திரையில் வரப்போகிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

‘சினைப்பர்’ என்றே விடலாம் என்று யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியிருந்தார். அவர் சொல்வது விளங்குகிறது. 2009 வரைக்கும் பத்திரிகையைத் திறந்தால் ‘சினைப்பர் தாக்குதல்’ என்ற தலைப்பு கிடக்கும். அந்தச் சொல்லுக்கு யாரும் எங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் படத்துக்கு அந்த ஒரு சொல் போதாது. ஆளுக்கு ஒரு சொல் வேண்டும். அவன் செய்யும் வேலைக்கு, கிடக்கும் இடத்துக்கு, போர்த்தியிருக்கும் துணிக்கு, பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும். சினைப்பரிலிருந்து இவற்றில் எதுவும் முளைக்காது.

சென்னை நண்பர்கள் சொன்ன ‘குறிசுடுநர்’ நல்ல சொல்தான், ஆனால் வேறொருவருக்கு உரியது. படைப்பிரிவோடு சேர்ந்தே நடந்து, தேவைப்படும்போது மற்றவர்களைவிடத் துல்லியமாகச் சுடுபவர் ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தில் அவரை மார்க்ஸ்மன் என்பார்கள். ‘குறிசுடுநர்’ அவருக்குப் பொருந்தும். நம் படத்தின் ஆட்கள் வேறு மாதிரி. படையை விட்டுத் தனியாகப் போய், மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து, ஒரு குண்டோடு இடத்தை விட்டு நகர்பவர்கள். குறி இருவருக்கும் பொது. பதுங்கிக் கிடப்பதுதான் இவர்களைப் பிரித்துக் காட்டுகிறது.

‘தொலைசுடுநர்’ என்பதும் இதனால்தான் ஒட்டவில்லை. பாலைவனத்தில் என்றால் சரி. அடர்ந்த காட்டில் நூறு மீற்றருக்கு அப்பால் இருப்பது கண்ணுக்கே தெரியாத இடங்கள் அதிகம். அங்கே தூரம் ஒரு பெரிய விஷயமில்லை, ஒளிவிடம்தான் விஷயம்.

பறவைப் பெயரிலிருந்து ‘உள்ளானர்’ என்று ஒருவர் அழகாக யோசித்திருந்தார். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் உள்ளான் (ஆங்கிலத்தில் ஸ்னைப்) வேட்டைக்குப் போவதை அந்தப் பறவையின் பெயராலேயே சொன்னார்கள், அதிலிருந்துதான் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. ஆனால் அது அவர்கள் பொழுதுபோக்கின் கதை. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? உபதலைப்பில் ‘உள்ளான்’ என்று தொடங்கினாலே ‘இருக்கிறான்’ என்றுதான் கண் வாசிக்கும்.

என் தெரிவு ‘பதுங்குசுடுநர்’. செயலுக்குப் ‘பதுங்குசூடு’, கிடக்கும் இடத்துக்குப் ‘பதுங்கிடம்’. பதுங்குகுழி என்ற சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருப்பதால் இவை புதிதாகத் தோன்றாது. இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் ஊர்க் காரணம். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரையில் (செடி வரிசையில்) இறங்குமுன் ஒருமுறை சத்தம் போடுவார்கள். ‘புலி பதுங்கிக் கிடக்கும்’ என்பார்கள். சிறுத்தையைத்தான் இங்கே புலி என்கிறோம். பத்தடிக்குள் தேயிலைச் செடியின் கீழே அது படுத்திருந்தாலும் தெரியாது. ஒளிதல், மறைதல், கரத்தல் எல்லாவற்றிலும் ஆள் காணாமல் போவது மட்டும்தான் இருக்கிறது. பதுங்குவதில் அடுத்து பாயப்போவதும் சேர்ந்தே இருக்கிறது. அதனால்தான் ‘மறைசுடுநர்’ இரண்டெழுத்துக் குறைவு என்று தெரிந்தும் நான் இதைக் கேட்கிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். சுடுபவருக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்துச் சொல்பவரை ஆங்கிலத்தில் ஸ்பொட்டர் என்பார்கள். அவருக்கு உங்களில் ஒருவர் சொன்ன சொல் இது:

> ஸ்பொட்டருக்குக் ‘கண்காணி’ போதுமே. கண்ணால் காண்பவர். தூய தமிழ், நாலே எழுத்து.

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், இதை மட்டும் வேண்டாம். அந்தச் சொல் எங்களிடம் வந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நாங்கள் அதைக் ‘கங்காணி’ என்கிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் கட்டி இந்த மலைக்குக் கூட்டி வந்தவர் கங்காணி. கடன் கணக்கை எழுதி வைத்திருந்தவரும் அவர்தான். பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர், அந்தத் துண்டோடு குடும்பம் குடும்பமாகத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்றைக்கும் மலையில் நிரைக்குப் பின்னால் நின்று வேலை வாங்குபவர் கங்காணிதான். எங்கள் நாட்டார் பாடல்களில் அவர் வராத இடமில்லை, நல்ல விதமாக வரும் இடம் குறைவு. என் அம்மாயி தொண்ணூறு வயதிலும் அந்தச் சொல்லைக் கேட்டால் முக்காட்டைச் சரி செய்துகொள்வார்.

ஸ்பொட்டர் யார் என்று பாருங்கள். சுடுபவரின் பக்கத்தில் அதே ஈரத்தில், அதே அட்டைக்கடியில் படுத்திருப்பவர். பெரும்பாலும் இருவரில் அனுபவம் கூடியவர் அவர்தான். கண்காணிப்பது அவர் வேலையில்லை, துணையிருப்பதுதான் வேலை. தூரம் அளப்பார். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைச் சொல்வார். 800 மீற்றர் போக ஒரு குண்டுக்கு ஒரு விநாடிக்கும் மேல் பிடிக்கும், அந்த இடைவெளியில் அது போகும் வழியைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்து, எங்கே பட்டது என்று சொல்வார். இதற்கு நடுவே முதுகுப் பக்கம் யாராவது வருகிறார்களா என்றும் காது கொடுக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது ‘அவதானி’. அவதானித்தல் இலங்கையில் தினசரிப் பேச்சு, ‘அவதானம்’ என்று வீதி ஓரப் பலகையிலேயே எழுதியிருக்கும். பார்த்தல், கவனமாயிருத்தல் இரண்டும் அதில் சேர்ந்திருக்கின்றன. தமிழகத்து நண்பர்களுக்கும் இது அந்நியமில்லை. செய்குத்தம்பிப் பாவலரையும் எங்கள் புலோலி நா. கதிரைவேற்பிள்ளையையும் சதாவதானி என்றுதானே அழைத்தோம்? ஒரே நேரத்தில் பல விஷயங்களில் மனத்தை நிறுத்துபவர். காற்று, தூரம், கானல், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வடசொல் என்பார்கள். தெரியும். ‘நோக்குநர்’ என்றால் எனக்கு எதிர்ப்பில்லை, ஆனால் அதில் பார்வை மட்டும்தான் இருக்கிறது. ‘குறிகாட்டி’யை இங்கே பொருளாதாரப் பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. ‘நோட்டக்காரர்’ என்றால் திருட வந்தவர் போலாகிவிடும்.

சரி, சுடுபவர் மறைந்து கிடக்கப் போர்த்தும் அந்த இலை தழை உடை. ஆங்கிலத்தில் அது கில்லி சூட். ‘கில்லி உடை’ என்று எழுதினால் பிள்ளைகள் கிட்டிப்புள்ளைத்தான் நினைப்பார்கள். கில்லி என்பது ஸ்கொட்லாந்து மலைகளில் வேட்டைக்குத் துணை போகும் ஏவலாளின் பெயர். 1900இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காக லொவட் பிரபு திரட்டிய படையில் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள், உடை அவர்களோடு படைக்குள் வந்தது. டன்சினன், ஹோலிரூட் என்று தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைத்த துரைமாரும் அதே நாட்டார்தான். நமக்குத் ‘தழையுடை’ இருக்கிறது. சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலத்துப் பெண்ணுக்குத் தலைவன் கொடுப்பது தழைதான். பொருள் மாறுகிறதே என்று பண்டாரவளை அக்கா தயங்கினார். மாறட்டும் அக்கா, குறிஞ்சிச் சொல் மலைக்காட்டுக்குள்ளேயே தானே இருக்கிறது. வலையில் சாக்கு நூலைக் கிழித்துக் கட்டித்தான் அந்த உடையைச் செய்கிறார்கள் என்று காட்டும் காட்சியில், இடுப்பில் படங்கு (சாக்குத் துணி) கட்டி மலைக்குப் போகிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

முதல் பத்து நிமிடத்தை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தோம்.

அவதானி: காற்று இடமிருந்து. மெதுவாக.
பதுங்குசுடுநர்: தெரிகிறது.

இரண்டு வரிக்குள் அடங்குகிறது. ஒரே ஒரு சொல் மட்டும் இன்னும் கையில் அகப்படவில்லை. குண்டு போகும் வழியில் காற்று கலைந்து, தண்ணீருக்குள் ஏதோ ஓடினது போல ஒரு கணம் தெரியுமே, அவதானி அதைப் பார்த்துத்தான் திருத்தம் சொல்கிறார். ‘குண்டுத்தடம்’ என்று போட்டிருக்கிறோம். சுவரில் பட்ட அடையாளமோ என்று வாசிப்பவர் நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ‘காற்றுத்தடம்’ சரி வருமா? இந்தக் கிழமைக்குள் சொன்னால் அந்தக் காட்சியையும் முடித்துவிடுவோம்.