மறு: குளிர்கால மிதிவண்டி உடைகளுக்கான கலைச்சொற்கள் – ஈரங்கடத்தி, காப்படுக்கு, காற்றுமறை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். குளிரில் மிதிவண்டி ஓட்டுபவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் எடை குறைந்த உடைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்ற இந்த உரையாடலை முதல் மடலிலிருந்து படித்தேன். 'உள்ளடுக்கு, இடையடுக்கு, வெளியடுக்கு' என்ற மூன்றையும் ஏற்றுக்கொண்டு மேலே செல்லலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எளிய சொற்கள்தாம், ஆயினும் அவை உடை இருக்கும் இடத்தைச் சொல்கின்றனவே தவிர, அது செய்ய வேண்டிய வேலையைச் சொல்லவில்லை. வேலை தெரியாமல் உடையை எடுப்பவர் பாதி வழியில் நனைந்து நடுங்குவார். ஆகவே சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் 'இந்த உடை எதற்கு' என்பது விளங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இடத்தைக் குறிக்கும் பெயர்கள் நிலைத்து நிற்பதும் இல்லை. 10 பாகை செல்சியஸ் அளவிலான வறண்ட குளிரில், தோலை ஒட்டிய ஒரு மெல்லிய சட்டையும் அதன்மேல் காற்றை நிறுத்தும் ஒரு மேற்சட்டையும் பலருக்குப் போதும். நடுவில் ஒன்றுமே இராது. பனி உறையும் குளிரில் நடுவில் இரண்டு உடைகள் வரக்கூடும். அப்போது எது இடையடுக்கு, எது அதற்கும் இடையிலுள்ளது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வேலையின் பெயரால் அழைத்தால் எண்ணிக்கை எவ்வளவு மாறினாலும் சொல் மாறாது. இந்த ஏற்பாடு முழுவதற்கும் 'அடுக்குடை' என்று ஒரு நண்பர் முன்மொழிந்ததை முழு மனத்துடன் வழிமொழிகிறேன். அதில் திருத்த ஒன்றுமில்லை.

> தோலை ஒட்டி அணிவதைப் பனியன் என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் புரியுமே.

புரிவதில்தான் இடையூறு இருக்கிறது, ஐயா. பனியன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பருத்தி. பருத்தி இழை நீரை உள்வாங்கிக்கொள்ளும், எளிதில் விடாது. மிதிவண்டி ஓட்டத்தில் இது எவ்வளவு பெரிய கேடு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலைச் சேர்கிறது, மீதி வெப்பமாகிறது. ஏற்றத்தில் 150 வாட் திறனுடன் மிதிப்பவரின் உடலில் 450 வாட்டுக்குக் குறையாத வெப்பம் உண்டாவதால், காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அவர் வியர்க்கவே செய்வார். பிறகு இறக்கம் வருகிறது: மிதிப்பது நிற்கிறது, உடலின் வெப்பம் ஓய்வு நிலையின் 100 வாட் அளவை நோக்கிக் குறைகிறது, அதே நேரத்தில் வண்டியின் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. சட்டையில் 100 கிராம் வியர்வை தேங்கியிருந்தால் அதை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 240 கிலோ ஜூல் வேண்டும். அது ஓய்வில் இருக்கும் உடல் 40 நிமிடங்களில் உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமம். போதாததற்கு, அசையாக் காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஈரப் பனியனை அணிவது பனியனே அணியாததைவிட மோசமானது என்று அனுபவசாலிகள் சொல்வது மிகையன்று.

'வியர்வையுறிஞ்சி' என்ற மாற்றிலும் இதே குறை உண்டு. உறிஞ்சி வைத்துக்கொள்வது இந்த உடையின் வேலையன்று. தோலிலிருந்து எடுத்து வெளிப்புறத்தில் பரப்பி உலரவிடுவதே அதன் வேலை. பாலியஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட உள்வாங்குவதில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்புழைகள் வழியாகவே வியர்வை நகர்கிறது. விளக்கில் திரி எண்ணெயை மேலே கொண்டுபோவதைப் போன்ற செயல் இது. அதனால் 'திரியேற்றம்' என்று ஒருவர் ஆக்கித் தந்த சொல் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதிலிருந்து வினைச்சொல் உண்டாக்கும்போது சிக்கல் வருகிறது: 'துணி திரிகிறது' என்று எழுதினால், பால் திரிவதும் ஊர் திரிவதும்தான் படிப்பவரின் நினைவுக்கு வரும். 'ஈரங்கடத்தல்' என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. 'இத்துணி ஈரத்தை நன்றாகக் கடத்தும்' என்று தடையின்றிச் சொல்லலாம். கடத்தல் என்றால் பொருள்கடத்தலல்லவா என்ற மறுப்பும் எழுந்தது. மின்கடத்தி, வெப்பங்கடத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் படித்துவரும் நமக்கு இது புதிய மயக்கத்தைத் தராது. ஆகவே பண்புக்கு 'ஈரங்கடத்தல்', உடைக்கு 'ஈரங்கடத்தி'.

மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் மென்மையான கம்பளி இந்த வரையறைக்குள் அடங்குமா என்று கேட்டவருக்கு ஒரு விளக்கம். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே ஏற்கும் என்பது உண்மை. ஆனால் அது ஆவியாகவே இழைக்குள் சென்று தங்குகிறது. இழையின் மேற்பரப்பு நீரை விலக்கும் தன்மையுடையது. இழையின் சுருள் நெளிவுகள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. அதனால் ஓரளவு ஈரமான பின்னும் அது தோலில் சில்லென்று ஒட்டுவதில்லை. பாலியஸ்டரைவிட மெதுவாக உலரும் என்றாலும், சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவிலான மெல்லிய மெரினோவை ஈரங்கடத்தி என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

நடுவிலுள்ளதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'காப்படுக்கு' என்பது போதும். வெப்பத்தைக் காப்பது நூலன்று, நூலுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று என்பதை மட்டும் வரையறையில் சேர்க்க வேண்டும். எடை குறைந்த உடையும் கதகதப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. துணியின் புசுபுசுப்பைக் குறிக்க 'உப்பல்' என்று பேச்சுவழக்கில் இருக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்: 'இறுக்கமான மேற்சட்டை காப்படுக்கின் உப்பலை நசுக்கிவிடும்' என்பது தேர்வு செய்பவருக்கு நேரடியாக உதவும் வாக்கியம்.

காற்றை நிறுத்தும் மேல் உடைக்குத்தான் கவனமாகப் பெயரிட வேண்டும். 'காற்றுத்தடை' கூடாது, மிதிவண்டிக்காரர்கள் அச்சொல்லை வேகத்தை எதிர்க்கும் விசைக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். 'காற்றுக்காப்பு' என்பதும் வழுக்கும். வெப்பக்காப்பில் வெப்பத்தைக் காக்கிறோம். மழைக்காப்பில் மழையிடமிருந்து நம்மைக் காக்கிறோம். 'காப்பு' என்ற ஒரே சொல் இருவேறு திசையில் செல்வதால், இரண்டும் அடுத்தடுத்து வரும் அடுக்குடைப் பேச்சில் குழப்பம் நிச்சயம். 'ஜாக்கெட்' என்று எழுதினால் தமிழில் பலருக்கு அது புடவையோடு அணியும் ரவிக்கை. எனவே 'காற்றுமறை' என்றும், நீர் புகாததை 'மழைமறை' என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. கையில்லாததைக் 'கையிலாக் காற்றுமறை' என்றால் போதும். நெஞ்சுப் பக்கம் மட்டும் காற்றை நிறுத்தி முதுகுப் பக்கம் வலைத்துணியாக விடப்பட்ட சட்டைகளும் உண்டு. அவற்றுக்கு 'முன்மறைச் சட்டை' பொருந்தும்.

காற்றுமறைக்குத் தனிப்பெயர் தேவையா, மூன்றாம் அடுக்கு என்றால் ஆகாதா என்று கேட்பவர்கள் 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் பல நாள் மிதிவண்டிப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அன்று 2,600 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள காவியா கணவாயில் பனி கொட்டியது. யோஹான் வான் டெர் வெல்டே என்ற வீரர் அரைக்கைச் சட்டையுடன் முதலாவதாக உச்சியைக் கடந்தார். ஏறும்வரை உடல் வெப்பமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்றுபோய், 40 நிமிடங்களுக்கும் மேல் இழந்தார். மற்றொரு வீரரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியினர் அன்று காலையிலேயே பனிச்சறுக்கு உடைகளை வாங்கித் தயாராக வைத்திருந்தனர். அந்த நாளின் முடிவில் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக முன்னிலையில் இருப்பவருக்குரிய தலைமைச் சட்டை ஹாம்ப்ஸ்டனுக்குக் கிடைத்தது. காற்று அசையாதபோது 0 பாகையாக இருக்கும் குளிர், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் -6 பாகைபோல் உறைக்கும். பழைய பந்தயங்களில் வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். தாளில் வெப்பம் ஒன்றுமில்லை. அது காற்றை மறைத்தது, அவ்வளவுதான். காற்றுமறை செய்வதும் அதையேதான். மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கிச் சட்டையின் முதுகுப் பையில் கிடப்பதால், ஏறும்போது கழற்றி இறங்கும்போது அணிவதற்கு வசதியாக இருக்கிறது.

அடுத்து, நீர் புகாத உடைகளுக்குச் சொல்லப்படும் 'மூச்சுவிடும் துணி'. இதை நீக்கியே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். மூச்சு என்றால் காற்று என்று பொருள்கொண்டு, 'காற்று புகும், ஆனால் நீர் புகாது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1969இல் பாப் கோர் கண்டறிந்த, இழுத்து விரித்த டெஃப்லான் வகைப் படலத்தின் நுண்துளைகள் நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை, ஆனால் நீராவி மூலக்கூறுக்கு மிகப் பெரியவை. கோர்-டெக்ஸ் போன்ற மழைமறைகள் இவ்வாறு விடுவது ஆவியைத்தான். காற்று அதன் வழியே வீசுவதில்லை. ஆவியும் உள்ளே செறிவு மிகுந்து வெளியே குறைந்திருந்தால்தான் நகரும். கடுமையாக ஏறும்போது, ஆவி வெளியேறுவதைவிட வேகமாக வியர்வை சுரக்கும். உச்சியில் மழைமறையைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: முழங்கை மடிப்பிலும், பையின் துணி இரட்டையாக இருக்கும் இடத்திலும் பொடிப்பொடியாக நீர் முத்துக் கோத்திருக்கும். தையல் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அது அவரவர் வியர்வையே. 'ஆவிவிடுதிறன்' என்று பெயரிட்டால், அதற்கு ஓர் அளவு உண்டு, அளவு மீறினால் ஜிப்பைத் திறக்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே தொனிக்கிறது.

உடையின் வெப்பக்காப்பை அளக்கும் 'கிளோ' (clo) என்ற அலகை மொழிபெயர்க்க வேண்டாம். 21 பாகை அறையில் ஓய்வாக அமர்ந்திருப்பவரை இதமாக வைக்கும் உடையின் காப்பே 1 கிளோ, 1941இல் வகுக்கப்பட்டது. வாட், ஜூல் போல அதுவும் அப்படியே இருக்கட்டும்.

கைகளில் மட்டும் இழுத்து மாட்டிக்கொள்ளும் குழல்போன்ற உறைக்கு இன்னும் ஒருவரும் சொல் தரவில்லை. கையுறை விரல்களுக்குப் போய்விட்டது. மேற்கை முதல் மணிக்கட்டுவரை மூடும் இதற்குப் 'புயவுறை' என்றும், முழங்காலுக்கு 'முட்டியுறை' என்றும் வைக்கலாமா? வண்டியை நிறுத்தாமலே கீழே தள்ளி மேலே இழுக்கக்கூடிய உறை இது ஒன்றே என்பதால், குளிரில் ஓட்டத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியதும் இதுவாகவே இருக்கும். புயம் என்பது கவிதை வாடை அடிக்கிறது என்று தோன்றினால், மாற்றுச் சொல்லைக் காரணத்துடன் எழுதுங்கள்.

அன்புடன்