வரலாற்றுக்காரர் இறையியல் பல்கலைக்கழகத்தின் ரெக்டரானால் என்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும்? தெரிந்தவர்கள் பகிரவும்

தொடக்கப் பதிவு

இறையியல் கல்லூரித் தலைமை என்றாலே நம் ஊரில் குருவானவர்தான் நினைவுக்கு வருவார். நெதர்லாந்தில் காம்பென் இறையியல் பல்கலைக்கழகத்துக்கு 2017இல் ரெக்டராக, அதாவது தலைவராக, வந்த ரூல் கைப்பர் குருவானவர் அல்ல, வரலாற்றாசிரியர். ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் படித்து 1992இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1848 முதல் 1905 வரை டச்சு சீர்திருத்தக் கிறிஸ்தவ அரசியல்காரர்கள் வெளிநாடுகளை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வுப் பொருள். (அந்தப் பல்கலைக்கழகத்தை 1880இல் தொடங்கிய ஆபிரகாம் கைப்பர் வேறு ஆள். டச்சில் இருவர் பெயருக்கும் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போது குழம்பிவிடுகிறது.)

இவர் 2007 முதல் 2019 வரை நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ஆக, ரெக்டரான பிறகும் இரண்டு ஆண்டு இரண்டு பொறுப்பும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். டச்சு மேலவை வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைதான் கூடும். 75 உறுப்பினர்களுக்கும் அது பகுதிநேரப் பொறுப்பு.

அவருடைய வாழ்க்கைப் பாதையில் முக்கியமான இடம் என்று நான் நினைப்பது 2012இல் வந்த விசாரணை அறிக்கை. ரயில், தபால்-தொலைபேசி போன்ற அரசுச் சேவைகளைத் தனியாருக்கும் தன்னாட்சி அமைப்புகளுக்கும் விட்ட முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று ஆராய்ந்த மேலவைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பல ஆண்டுக் கோப்புகளை வரிசைப்படுத்தி, யாருக்கு எப்போது என்ன தெரிந்திருந்தது என்று தேடுவது முழுக்க வரலாற்றுக்காரரின் வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கோப்பைக் கையில் எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை.

பதில்

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. காம்பெனுக்கு வரலாற்றுக்காரர் ஏன் பொருந்துவார் என்பதற்கு அந்த ஊரின் கதையும் தெரிய வேண்டும்.

1834இல் அரசு ஆதரவு பெற்ற சபையிலிருந்து பிரிந்தவர்கள் 1854இல் தொடங்கிய பள்ளி அது. புகழ்பெற்ற இறையியலாளர் ஹெர்மன் பாவிங்க் 1883 முதல் 1902 வரை அங்கேதான் பாடம் எடுத்தார். 1944இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோதே, சபை மறுபடி உடைந்தது. பேராசிரியர் கிளாஸ் ஸ்கில்டரைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். அதன்பின் ஒரே சிற்றூரில் இரண்டு இறையியல் நிறுவனங்கள். ஒன்று அவுடஸ்ட்ராட் தெருவில், மற்றது புரூடர்வெக் தெருவில். இரண்டும் 1854தான் தங்கள் தொடக்கம் என்றன. கைப்பர் ரெக்டரானது, ஸ்கில்டரோடு பிரிந்தவர்களின் புரூடர்வெக் நிறுவனத்துக்கு. அந்தச் சபையே 1960களில் இன்னொரு முறை உடைந்து, அந்த இரு பகுதியும் 2023 மே 1 அன்றுதான் ஒன்று சேர்ந்தன. பல்கலைக்கழகமும் இதற்குள் காம்பெனை விட்டு உட்ரெக்ட் நகருக்குப் போய்விட்டது.

இப்படிப்பட்ட இடத்தின் ஆவணங்களைப் படிப்பவர் வழக்கமாகச் சறுக்கும் இடத்தைச் சொல்கிறேன். சினாடு (சபையின் பேரவை) மினிட்ஸில் இருப்பது தீர்மானம். அதற்கு முன் நடந்த வாக்குவாதம் பெரும்பாலும் அதில் இராது. மினிட்ஸை மட்டும் படித்தவருக்கு, ஒரே நாளில் எல்லாரும் ஒரு மனதாக ஒருவரை விலக்கியதுபோலத் தோன்றும். எனவே மினிட்ஸோடு மூன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: சபை வார இதழ்கள், உறுப்பினர்களின் கடிதங்கள், வந்து கிடப்பில் போடப்பட்ட மனுக்கள். மனுக்கள் அநேகமாகத் தனிப் பெட்டியில் இருக்கும். அட்டவணையில் அவற்றுக்கு ஒரு வரிதான் இருக்கும், அதையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

பதில்

அன்றாட நிர்வாகத்தையும் பேசுவோம். நெதர்லாந்தில் 1 கிரெடிட் (படிப்புச் சுமையின் அலகு) என்றால் 28 மணி நேரம். ஆண்டுக்கு 60 கிரெடிட், அதாவது 1680 மணி. இளநிலை 180, போதகர் ஊழியத்துக்கான முதுநிலை 180, ஆக மொத்தம் 6 ஆண்டு. எபிரெயம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் உள்ளே வர வேண்டும். மொழிப் பாடங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு திருச்சபை வரலாற்றுக்குக் கிடைப்பது சிறு துண்டு. ரெக்டர் வரலாற்றுக்காரராக இருந்தாலும் தன் பாடத்துக்குக் கூடுதல் கிரெடிட் ஒதுக்க முடியாது. சுற்றியிருக்கும் எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கீகாரக் குழு வரும்போது குறைந்தது 4 பேர் வருவார்கள், அதில் ஒருவர் மாணவர். நிறுவனம் தன்மதிப்பீட்டு அறிக்கையை முன்கூட்டியே தர வேண்டும். சிறிய பல்கலைக்கழகம் அடிபடும் இடம் ஆள் பலம். ஒரு துறைக்கு ஒரே பேராசிரியர்தான். அவர் ஓய்வு பெற்றால் துறையே காலி. போதாக்குறைக்கு, நியமனத்தில் சபைக்கும் சொல் உண்டு. சினாடு கூடும் தேதியைப் பார்க்காமல் ஆள் தேடத் தொடங்கினால், ஆள் கிடைத்தும் நியமனம் நிற்கும்.

பதில்

ரெக்டரின் வேலையில் வெளியே தெரியும் பகுதி முனைவர் பட்டப் பொது விவாதம். வெளியூரிலிருந்து போகும் மாணவர்கள் பலர் இதைத் தெரியாமல்தான் போய் நிற்கிறார்கள். ரெக்டரோ அவருக்குப் பதிலாக ஒருவரோ தலைமை தாங்குவார். மாணவருக்கு இரு பக்கமும் இரண்டு துணைவர்கள் நிற்பார்கள். சரியாக 45 நிமிடம். முடிந்ததும் கதவு திறக்கும். கறுப்பு அங்கி போட்ட பீடல் (பல்கலைக்கழகச் சடங்குகளை நடத்தும் அலுவலர்), மணிகள் தொங்கும் கோலைத் தரையில் ஊன்றி, ‘ஹோரா எஸ்ட்’ என்பார். நேரம் ஆயிற்று என்பதற்கு லத்தீன். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் செய்யும் தவறு, முதல் கேள்விக்கே நீளமான பதில் சொல்வது. அடுத்து வரிசையில் இருப்பவர்களின் நேரத்தை அது தின்றுவிடும். கேள்வியை ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, பதிலை இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பதே நல்லது.

பதில்

கைப்பர் ஒருவர் மட்டும் இல்லை பிரதர். 1894இல் தொடங்கிய அப்பெல்டோர்ன் இறையியல் பல்கலைக்கழகத்தில் ரெக்டராக இருந்த ஹெர்மன் செல்டர்ஹாய்ஸ் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் புட்சர் திருமணத்தையும் மணமுறிவையும் பற்றி எழுதியவைதான் 1994இல் அவர் ஆய்வேடு. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தின் 500ஆம் ஆண்டான 2017ஐ முன்னிட்டுப் பல நாட்டு நிறுவனங்களைச் சேர்த்த ரெஃபோ500 அமைப்பையும் அவர் நடத்தினார். சிறிய நிறுவனத்தின் தலைவர் தன் ஆய்வைக் கைவிடாமல் இருக்க நல்ல வழி அது. தனி நூல் எழுத வருடக்கணக்கில் அமைதி வேண்டும், ரெக்டருக்கு அது வாய்க்காது. பலர் சேர்ந்து எழுதும் தொகுப்புக்குப் பதிப்பாசிரியராக இருப்பது கைகூடும்.

பதில்

நம் பக்கம் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும் சென்னை குருகுலத்திலும் படித்தவர்கள் கையில் இருப்பது செராம்பூர் பட்டம். வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் தரும் உரிமை 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்தது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றபோது, அந்த உரிமை தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஆனாலும் முதல் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பட்டன. 1918இல் அந்தக் கல்லூரிக்கான வங்காளச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் பட்டப் படிப்புகளைக் கவனிக்கும் செனட் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

இதைப் பற்றி எழுதப் போகிறவர்கள் 1918 சட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 1827 சாசனம், பிறகு 1845 ஒப்பந்தத்தில் கல்லூரி பற்றிய பகுதி, கடைசியாகச் சட்டம். இந்த வரிசையில் படித்தால்தான் கல்லூரி கவுன்சிலும் செனட்டும் ஏன் இரண்டு தனி அமைப்புகளாக இருக்கின்றன என்பது பிடிபடும்.