விரிசல் விட்ட மம்பட்டிக் கணை (மரக் கைப்பிடி): உங்கள் அனுபவம்?

போன ஐப்பசியில் வாய்க்கால் வெட்டும்போது கணை 'சடக்'கென்றது. அப்பா போட்ட கருவேலங்கணை, தூக்கிப் போட மனசில்லை. விரிசல் ஒரு சாண் நீளம், ஆனால் நார் போன போக்கிலேயே ஓடியிருந்தது. அதனால்தான் துணிந்தேன்.

முதலில் வெள்ளைப் பசை வைத்தேன். சேற்றில் இரண்டு நாள் இறங்கியதும் ஊறிப் பிரிந்துவிட்டது. அப்புறம் பழைய பசையைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, அரால்டைட் என்கிற இரண்டு ட்யூப் பசைக்கு மாறினேன். இரண்டு ட்யூபையும் சற்று நேரம் வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது இளகும். சமமாகக் கலக்கி, கத்தி முனையால் விரிசலைக் கொஞ்சம் விரித்துப் பிடித்து, தென்னை ஈர்க்கால் அடிவரை தள்ளினேன். மேலே பாலிதீன் தாள், அதற்கு மேல் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்று. ரப்பர் இறுக்குகிற மாதிரி எந்தக் கயிறும் இறுக்காது. விளிம்பில் பசை பிதுங்கி வந்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் அவிழ்த்து உப்புத்தாள் போட்டேன். இன்று வரை தாங்குகிறது.

*

மம்பட்டி சரி. கோடாலியில் இந்த வேலை வேண்டாம். என்னுடையதில் விரிசல் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கட்டுக்கம்பியை நெருக்கமாகச் சுற்றிவிட்டு விறகு பிளந்தேன். மூன்றாவது வெட்டில் தலை பறந்து வைக்கோல் படப்பில் குத்தி நின்றது. பக்கத்தில்தான் கயிற்றுக் கட்டில், நல்லவேளை யாரும் படுத்திருக்கவில்லை. கம்பி விரிசலைப் பிடித்து வைக்கவில்லை, என் கண்ணிலிருந்து மறைத்துத்தான் வைத்தது. அன்றைக்கே புதுக் கணை வாங்கிவிட்டேன்.

*

கணை லொடலொடத்தால் ராத்திரி தண்ணீரில் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். காலையில் கிண்ணென்று இருக்கும், ஒரு வாரத்தில் முன்னைவிட அதிகமாக ஆடும். ஊறிய மரம் இரும்பை மீறி விரிய முடியாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்பிருந்ததைவிட இளைத்துப் போகிறது. கணைத் தலையில் ரம்பத்தால் கீறி, காய்ந்த கட்டையில் ஆப்புச் சீவி அடிப்பதுதான் சரி.

தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது காயாது, பிசுபிசுத்து மண் ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

விரிசல் மேலும் ஓடாமலிருக்க உலக்கைக்குப் போடுகிற மாதிரி ஒரு பூண் போட்டுவிடலாமே?

*

பூண் அடித்துத் தர எங்கள் பக்கம் இப்போது கொல்லர் இல்லை. ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, கணையைக் கண்ணாடிச் சில்லால் சீவிச் சீவித் தட்டி ஏற்றியிருக்கிறேன். பத்து நாளாகிறது, அசையவில்லை. பைப் விளிம்பை அரத்தால் ராவ மறந்து கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.