கரண்ட் போனால் கேமராவும் அவுட்: எந்த பேக்கப் போடலாம்?

மொட்டைமாடி:
நாலு கேமரா, அவற்றை ரெக்கார்டு பண்ணும் டிவிஆர் பெட்டி ஒன்று, எல்லாமே 12 வோல்ட். கரண்ட் போனதும் மொத்தமும் படுத்துவிடுகிறது. திருடனுக்கு வேண்டியதே அந்த நேரம்தானே. கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா, 10,000 எம்ஏஎச் மினி யுபிஎஸ் வாங்கட்டுமா? ராத்திரியில் நாலு மணி நேரமாவது ஓடணும்.

சால்டரிங்சாமி:
சார், விஏ என்பது எவ்வளவு லோடு தாங்கும் என்ற கணக்கு. எவ்வளவு நேரம் ஓடும் என்று பார்க்க யுபிஎஸ்ஸைத் திறந்து பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அந்த சைஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் இருக்கும். பெருக்கினால் 84 வாட்-ஹவர், அதாவது 84 வாட் லோடை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு.

லோடை ராத்திரியில் அளக்கணும். பகலில் இரண்டு மூன்று வாட் இழுக்கும் கேமரா, இருட்டியதும் 'டிக்' என்று ஃபில்டரை நகர்த்திவிட்டு, இருட்டில் பார்ப்பதற்கான ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகளைப் போடும். அப்போது 5 வாட் வரை போகலாம். நாலுக்கு 20, டிவிஆருக்கு ஹார்ட் டிஸ்க்கோடு 12, ரவுட்டருக்கு 8 என்று வையுங்கள். ஆக 40 வாட். யுபிஎஸ் 12 வோல்ட் பேட்டரி கரண்டை வீட்டு கரண்ட் மாதிரி ஏசி ஆக்கி, அடாப்டர் அதைத் திரும்ப 12 டிசி ஆக்குவதற்குள் நல்ல பங்கு சூடாகவே போய்விடும். பழைய பேட்டரி வேறு. ஒரு மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம்.

மினி யுபிஎஸ் பெட்டியில் போடும் எம்ஏஎச், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 10,000 என்றால் 37 வாட்-ஹவர்தான். இந்த எம்ஏஎச் கணக்கைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ரவுட்டருக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

வயர்மேன்2:
எதுக்கு இவ்வளவு? கேமராவே 12 வோல்ட். ஒரு 12 வோல்ட் பேட்டரியை நேரா மாட்டி, சார்ஜரையும் அதிலேயே விட்டா முடிஞ்சுது.

சால்டரிங்சாமி:
அண்ணே, சார்ஜ் ஏறும்போது அதே பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும். தீரும்போது 11க்குக் கீழே போகும், நீள வயரின் கடைசியில் இருக்கும் கேமராவுக்கு அதுவும் குறைந்துதான் போய்ச் சேரும். நடுவில் 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று கட்டாயம். 5 ஆம்பியராவது தரணும். ஹார்ட் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் அந்த சில நொடி மட்டும் 2 ஆம்பியர் வரை கேட்கும். பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள்.

மொட்டைமாடி சார், நாலு மணி நேரத்துக்கு 160 வாட்-ஹவர் வேணும். 12.8 வோல்ட், 20 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 256 இருக்கு, கன்வெர்ட்டர் நஷ்டம் போக மிச்சமும் இருக்கும். சார்ஜர் மட்டும் அந்த ரகத்துக்கானதாகவே வாங்குங்கள்.

மொட்டைமாடி:
நன்றி சார். ரவுட்டருக்கும் இதிலிருந்தே லைன் இழுக்கலாமா?

சால்டரிங்சாமி:
அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் இழுக்கலாம். சிலது 9 வோல்ட், பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்பில் தனியாக ஒரு பெட்டி இருந்தால் அதையும் சேருங்கள். அது அணைந்தால் டிவிஆரில் ரெக்கார்டு ஆகும், போனில் எதுவும் தெரியாது.