வெட்டுப்பட்ட வாலும் மூன்று சோதனைச் சாவடிகளும்: எல்லைகளைப் பற்றிய அனுபவப் பகிர்வு

கூடலூர் உறுப்பினர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

நாடுகளின் வடிவத்தையும் எல்லையையும் பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கே, எப்படி உணர்ந்தோம் என்பதை நம் குழுவில் ஒவ்வொருவரும் எழுதலாம் என்று முடிவு செய்தோம். நானே தொடங்குகிறேன்.

தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் சந்திக்கும் நீலகிரிக் கூடலூரில் 27 ஆண்டுகள் புவியியல் கற்பித்தேன். எங்கள் மாணவர்களுக்கு எல்லை என்றால் கோடு நினைவுக்கு வராது, பேருந்து நிற்கும் இடம்தான் நினைவுக்கு வரும். மைசூர் சாலையில் காக்கநல்லா, சுல்தான் பத்தேரிப் பக்கம் பாட்டவயல், நிலம்பூருக்கு இறங்கும் வழியில் நாடுகாணி என்று மூன்று பக்கமும் சோதனைச் சாவடிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே நாடுகளின் வடிவங்களை நடத்தும்போது வரையறைகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பிஸ்கட் அட்டைப்பெட்டிகளில் நாடுகளை வரைந்து வெட்டி எடுத்து, பென்சில் முனையில் நிறுத்திக் காட்டச் சொல்வேன். போலந்து போன்ற செறிந்த வடிவமுள்ள நாடு உடனே நின்றுவிடும். ஏறத்தாழ 4,300 கி.மீ. நீளமும் சராசரியாக 200 கி.மீ.க்கும் குறைந்த அகலமும் கொண்ட சிலி, பென்சிலில் வைத்தவுடன் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இந்தோனேசியாவை நிறுத்தவே முடியாது, ஏனென்றால் அது கையில் பல துண்டுகளாகத்தான் இருக்கும்.

ஒரு முறை நமீபியாவை வெட்டிய மாணவன், வடகிழக்கு மூலையில் வால் போல் நீண்டிருந்த பகுதியை நறுக்கி எறிந்துவிட்டுக் கொண்டுவந்தான். ஏன் என்று கேட்டேன். "படம் வரைந்தவர் கை வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன், சார்" என்றான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த வாலைப் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதன் பெயர் கேப்ரிவி பட்டை, நீளம் சுமார் 450 கி.மீ. தென்மேற்கு ஆப்பிரிக்காவை, அதாவது இன்றைய நமீபியாவை, ஆண்டுகொண்டிருந்த ஜெர்மனி, சாம்பசி ஆற்றைத் தொட்டுவிட்டால் அதன் வழியே இந்தியப் பெருங்கடல் வரை போய்விடலாம் என்று எண்ணி, 1890-இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலம் அந்தப் பட்டையைப் பெற்றது. அன்றைய ஜெர்மன் பிரதமர் லியோ வான் கேப்ரிவியின் பெயர் அதற்கு நிலைத்தது. ஆனால் அந்தப் பட்டை ஆற்றைத் தொடும் இடத்திலிருந்து கீழ்நோக்கிச் சென்றால் 108 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் விக்டோரியா அருவி குறுக்கே நிற்கிறது. "பைக்காரா அருவியிலேயே படகு இறங்காதே, சார்" என்றான் அதே மாணவன். எறிந்த துண்டைக் குப்பைக் கூடையிலிருந்து தானே தேடி எடுத்து, பசை தடவி ஒட்டினான்.

அடுத்தது, பல ஆண்டுகள் என்னை யோசிக்க வைத்த விஷயம். மலைதான் இயற்கையான எல்லை, அதில் சண்டைக்கு இடமில்லை என்று நானும் நெடுங்காலம் நடத்தி வந்தேன். சிலியும் அர்ஜென்டினாவும் 1881-இல் செய்துகொண்ட ஒப்பந்தமும் அப்படித்தான், ஆண்டீஸ் மலையில் நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை செல்லும் என்றது. ஆனால் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பட்டகோனியாவில் உயர்ந்த சிகரங்கள் ஓரிடத்திலும், நீர் பிரியும் இடம் அவற்றுக்குக் கிழக்கே வேறோரிடத்திலும் இருக்கின்றன. சிகரங்களுக்குக் கிழக்கே பிறக்கும் ஆறுகள் பல, மலையை ஊடறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக்கில் விழுகின்றன. சிகரமே எல்லை என்றது அர்ஜென்டினா, நீர்பிரி மேடே எல்லை என்றது சிலி. ஒரே வாக்கியத்திலிருந்து இரண்டு கோடுகள் பிறந்துவிட்டன.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க நம் மலையே போதும். நீலகிரியின் உச்சி 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா. அதன் ஊட்டிச் சரிவில் விழும் மழை மாயாற்றின் வழியாகவும், குன்னூர்ச் சரிவில் விழும் மழை குன்னூர் ஆற்றின் வழியாகவும் கடைசியில் பவானியில் கலந்து, காவிரியோடு வங்கக் கடலுக்குத்தான் போகின்றன. அதைவிட மிகவும் தாழ்ந்த எங்கள் கூடலூர்ப் பகுதியிலோ, தெப்பக்காட்டுப் பக்கம் ஓடும் நீர் மாயாற்றோடு கிழக்கே செல்ல, பாண்டியாற்று நீர் சாலியாற்றில் சேர்ந்து பேப்பூர் அருகே அரபிக் கடலில் விழுகிறது. உச்சி ஓரிடம், நீர் பிரிவது வேறிடம். ஆடி மழையில் மாணவர்களை அழைத்துப் போய் இந்த ஓடைகளைக் காட்டிய பிறகு, 1881 ஒப்பந்தத்தின் பிழையை நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த வழக்கு பிரிட்டிஷ் மன்னரின் தீர்ப்புக்குப் போனது. எல்லை ஆணையர் தாமஸ் ஹோல்டிச் 1902-இல் வழக்கில் இருந்த பள்ளத்தாக்குகளுக்கு நேரில் சென்றார். அங்கே வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறியிருந்த மக்கள் ஏப்ரல் 30 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் கூடி, அர்ஜென்டினாவோடு இருக்கவே விரும்புகிறோம் என்று சொன்னார்கள். நவம்பரில் வந்த தீர்ப்பில் அந்தப் பள்ளத்தாக்கு அர்ஜென்டினாவுக்கே கிடைத்தது. எல்லை வரையும்போது அங்கு வாழ்கிறவர்களைக் கேட்டார்கள் என்பதற்காகவே இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன்.

கோத்தகிரி உறுப்பினர்:

ஐயா, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவை, யாரும் கேட்கவில்லை.

அவர் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவர்களிடமும், தந்தை அங்கே பிறந்ததற்கோ, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. கொழுந்து பறிக்கிறவர்களிடம் பிறப்புப் பதிவு எங்கே இருந்திருக்கும்? அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர் என்றானது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாமென்றும் எழுதப்பட்டது. எண்ணிக்கைதான் முதலில் முடிவானது, விண்ணப்பப் படிவம் அதற்குப் பிறகுதான் லயத்துக்கு வந்தது. அப்பாயிக்கு இந்தியா என்றும், அவருடைய தம்பிக்கு இலங்கை என்றும் ஆனது.

1970-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு நீலகிரிக்கு அனுப்பப்பட்டார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கியிருந்த, இன்று டான்டீ என்று எல்லோரும் அழைக்கும் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கூடையை முதுகில் மாட்டினார். அவருடைய கடவுச்சீட்டு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. குடும்பம் முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அதில் ஒட்டப்பட்டிருக்கிறது. சொந்த ஊர் என்ற இடத்தில் முசிறிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் எழுதியிருக்கிறது. அது அவருடைய தாத்தா புறப்பட்ட ஊர், அப்பாயி கடைசி வரை அந்த ஊரைப் பார்த்ததில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லை 1974-இல்தான் ஒப்பந்தமானது. மன்னார் வளைகுடாவில் அதைத் தெற்கே நீட்டித்தது 1976-இல். அப்பாயியின் கப்பல் கடந்தபோது அந்தக் கடலில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட கோடு இல்லை. கடலைப் பிரிப்பதற்கு முன்பே அக்காவையும் தம்பியையும் பிரித்துவிட்டார்கள்.

கொடைக்கானல், பூம்பாறை உறுப்பினர்:

நான் எல்லைப் பாதுகாப்புப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். மேற்கு வங்கத்தின் கூச் பெஹார் பகுதியில் எனக்குப் பணி. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 நிலத்துண்டுகளும், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 துண்டுகளும் அப்போது இருந்தன. எங்கள் ஊரில் பூண்டு வயல் வரப்பை ஒரு முழம் நகர்த்தினாலே பெரியவர்களைக் கூட்டிவிடுவார்கள். அங்கே நடந்துபோகும்போது எந்த வரப்பில் நாடு மாறுகிறது என்பது எனக்கே சில சமயம் குழப்பமாக இருக்கும்.

தீன் பீகா என்ற இடத்தை மறக்க முடியாது. இந்திய நிலத்தால் சூழப்பட்ட வங்கதேசத்தின் தஹகிராம் பகுதியைத் தாய்நாட்டோடு இணைக்கும் அந்தச் சிறு இந்திய நிலம் ஏறத்தாழ 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். அவர்களுடைய சாலையும் நம்முடைய சாலையும் குறுக்காக வெட்டிக்கொள்ளும். 1992-இல் அதைத் திறந்தபோது பகலில் குறிப்பிட்ட மணி நேரங்களில் மட்டுமே அவர்கள் கடக்கலாம். 2011-இல்தான் 24 மணி நேரமும் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பு, மாலையில் வாயிலை அடைக்கும் நேரத்தில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று அவரை விட்டுவிட்டோம். எல்லா நாளும் விட்டோம் என்று என்னால் சொல்ல முடியாது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் அந்தத் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டபோது, நான் பூம்பாறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து விடியும்வரை பார்த்தேன்.

கூடலூர் உறுப்பினர்:

கோத்தகிரிச் சகோதரிக்கு: உங்கள் அப்பாயியின் கப்பலைப் பற்றி நீங்கள் எழுதியது, 27 ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்குத் தோன்றாத ஒன்று. எங்கள் தாலுகாவிலும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. என் வகுப்பிலேயே அவர்களுடைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பட்டகோனியா வரை போனேனே தவிர, அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அது என் குறைதான்.

கூடலூரைப் பற்றியும் ஒன்று விடுபட்டுவிட்டது. எங்கள் ஊர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது, அதன்பிறகே நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அப்படிச் சேர்க்காமல் விட்டிருந்தால், 1956 நவம்பர் 1 அன்று மலபாரோடு சேர்ந்து நாங்களும் கேரளத்துக்குப் போயிருக்கக்கூடும். நாடுகாணியில் இருக்கும் சாவடி எங்களுக்குக் கிழக்கே எங்காவது இருந்திருக்கும்.

நமீபியாவின் வாலை வெட்டிய மாணவன் இப்போது காய்கறி லாரி ஓட்டுகிறான். ஊட்டி கேரட்டை ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் பாட்டவயல் சாவடியைக் கடக்கிறான். சென்ற மாதம் கடைவீதியில் பார்த்தபோது, "அந்த அட்டை இன்னும் இருக்கிறதா, சார்?" என்று கேட்டான். இருக்கிறது. ஒட்டிய இடத்தில் பசை மஞ்சளித்துப்போய், வால் மட்டும் சற்று மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது.