மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு: ஹெட்டை இறக்கினால் போதுமா, ஃபுல் இன்ஜின் வேலையா?

நாலுசக்கரம்:

வணக்கம். வண்டி மூணு சிலிண்டர் 796 சிசி பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்). சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கரில் ஸ்க்ரூ வச்சு டாப்பெட் செட் பண்ற வகை. 1,14,000 கி.மீ. ஓடியிருக்கு, அதில் கடைசி 40,000 சிஎன்ஜி கிட்டில். ஐடிலிங்கில் உதறுது, மேடு ஏறும்போது இழுவை இல்லை. பெட்ரோலுக்கு மாத்தினாலும் அதே கதைதான். ஓடும்போது 3வது பிளக் ஒயரைக் கழட்டினா சத்தத்தில் எந்த மாற்றமும் தெரியல. பிளக்கும் ஒயரும் புதுசு போட்டாச்சு.

கேஜ் வச்சுப் பார்த்ததில் 1வது 162, 2வது 158, 3வது 98 பிஎஸ்ஐ. பிஸ்டன், ரிங், பேரிங், ரீபோர் (சிலிண்டர் துளையான போரைப் பெருசா கடையறது) எல்லாம் சேர்த்து ஃபுல் இன்ஜின் செய்யணும்னு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க. ஆயில் 1000 கி.மீ.க்கு 150 மி.லி. போலக் குறையுது. நீலப் புகை கண்ணுக்குத் தெரியல. ரெண்டு சிலிண்டர் நல்லா இருக்கும்போது மூணுக்கும் வேலை தேவையா? கோளாறு மேலேயா கீழேயான்னு பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஸ்பானர்14:

வழி இருக்கு, செலவும் பெருசா இல்லை. அதுக்கு முன்னாடி 98ங்கிற எண் எதைச் சொல்லுதுன்னு பார்த்துடலாம். பிஸ்டன் மேலே வரும்போது காத்து அடைபட்டு நிக்கணும்னா மூணு இடம் மூடியிருக்கணும்: கீழே ரிங், மேலே ரெண்டு வால்வும் சீட்டில் உட்காரும் இடம், பிளாக்குக்கும் அதுக்கு மேல வால்வு உட்கார்ற மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கேஸ்கட். இந்த மூணில் எது விட்டாலும் கேஜில் எண் குறையும். எது விட்டதுன்னு கேஜ் சொல்லாது. அதனால் 98ஐ மட்டும் பார்த்து "ஃபுல் இன்ஜின்"னு சொல்றது அவசரம். டைமிங் பெல்ட் பல் தாண்டியிருந்தா மூணு சிலிண்டரிலும் குறைஞ்சிருக்கும், அதனால் அதை விட்டுடலாம்.

முதல்ல டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவில் விடுற சின்ன சந்து. கேஸ் வண்டியில் ஒரு சிலிண்டர் மட்டும் படுத்தா நான் முதலில் கை வைக்கிற இடம் இதுதான். இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும், ராத்திரி விட்டுக் காலையில் பார்த்தா நல்லது. ராக்கர் கவரை எடுங்க. மூணு பிளக்கையும் கழட்டிட்டா கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு லேசா சுத்தலாம், இன்ஜின் ஓடும் திசையில் மட்டும். 1வது சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசிக்கு (ரெண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சிக்கு வந்த நிலை) கொண்டு வாங்க. புல்லி மார்க் ஒத்து வரணும், அந்த சிலிண்டரின் ரெண்டு ராக்கரும் கையில் ஆடணும். ஃபயரிங் ஆர்டர் 1-3-2. நாலு ஸ்ட்ரோக்குக்கு 720 டிகிரி, சிலிண்டர் மூணு, ஆக 240 டிகிரிக்கு ஒண்ணு. அங்கிருந்து முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் குறைவா, 240 டிகிரி சுத்தினா 3வது டிடிசிக்கு வரும். பிளக் ஓட்டையில் நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா விட்டுப் பிஸ்டன் உச்சியை உறுதிப்படுத்துங்க. இரும்புக் கம்பி வேண்டாம், கோணலா மாட்டினா பிஸ்டனைக் கீறும்.

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) எந்த அளவுங்கிறதுக்கு உங்க மேனுவலைப் பாருங்க. இந்த மாதிரி சின்ன இன்ஜின்களில் ஆறின நிலையில் 0.15 மி.மீ. ஒட்டித்தான் இருக்கும். 3வது எக்ஸாஸ்டில் 0.05 தகடு கூட நுழையலன்னா அந்த வால்வு முழுசா மூடலன்னு அர்த்தம். செட் பண்ணிட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்க. வால்வு இன்னும் எரியாம இருந்தா 98 எழும்பி 150 பக்கம் வந்துடும், வேலை அத்தோட முடிஞ்சது.

கம்ப்ரஷன் எடுக்கும் முறையும் சரியா இருக்கணும். இன்ஜின் சூடா, மூணு பிளக்கும் வெளியே, இக்னிஷனும் இன்ஜெக்டரும் துண்டிச்சு, கேஸ் வால்வை அடைச்சு, பேட்டரி முழு சார்ஜில், ஆக்சிலரேட்டர் அடி வரை மிதிச்சு. த்ராட்டில் மூடியிருந்தா உள்ளே காத்தே போகாது, நல்ல இன்ஜினும் 100 காட்டும். அஞ்சாறு அடி சுத்த விடுங்க. முதல் அடியில் முள் எவ்வளவு ஏறுது, அப்புறம் எப்படி ஏறுதுன்னு கவனிங்க. முதல்ல குறைவா இருந்து அடிக்கு அடி ஏறிட்டே போனா ரிங் பக்கம் சந்தேகம். முதல்லயும் குறைவு, அப்புறமும் பெருசா நகரலன்னா வால்வு.

அடுத்தது ஈரச் சோதனை. 3வது பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, ரெண்டு சுத்து சுத்திட்டு மறுபடி எடுங்க. ஆயில் ரிங்கைச் சுத்தி அடைச்சுக்கும், வால்வை அடைக்காது. 98 திடீர்னு 130, 140க்குப் போனா ரிங்கோ போரோ தேய்ஞ்சிருக்கு. அசையலன்னா மேலே. ஆயிலை அளவுக்கு மேல ஊத்தாதீங்க, பிஸ்டன் மேல இருக்கிற இடமே சுருங்கி எண் பொய்யா ஏறும்.

லேத்பட்டறை:

மேலே சொன்ன இரண்டும் சரி. மூன்றாவதாகக் காற்றை உள்ளே அடைத்துக் கசிவைக் காதால் கேட்கும் சோதனையையும் செய்யுங்கள். எந்த வால்வு என்பதுவரை அதில் தெரிந்துவிடும். 3வது சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசியில் நிறுத்தி, பிளக் ஓட்டையில் அடாப்டர் முறுக்கி, கம்ப்ரஸரிலிருந்து காற்று கொடுக்க வேண்டும். த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். 2வது பிளக் ஓட்டையில் வந்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. உங்களுக்கு 2வது 158 காட்டுவதால் இந்தக் கடைசிக்கு வாய்ப்புக் குறைவு. ரிங் வழியே கொஞ்சம் காற்று எல்லா இன்ஜினிலும் போகும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 68.5 மி.மீ. போர் என்றால் பிஸ்டன் பரப்பு ஏறத்தாழ 37 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 7 கிலோ காற்றழுத்தம் கொடுத்தால் பிஸ்டன் மேல் 250 கிலோவுக்கு மேல் விசை விழும். டிடிசி சற்றுத் தவறினாலும் கிராங்க் சுழன்றுவிடும். புல்லியில் ஸ்பானர் மாட்டியபடி காற்றைத் திறக்கவே கூடாது. 1 கிலோவில் ஆரம்பித்து, கிராங்க் அசையவில்லை என்று பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

சிஎன்ஜியில் எக்ஸாஸ்ட் வால்வு ஏன் முதலில் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும் பங்கை, சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. மீதி தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குப் போகும். கேஸ் உலர்ந்த எரிபொருள். சீட்டும் வால்வும் மோதும் இடத்தில் அது மெத்தை போடாது. ஒவ்வொரு மூடலிலும் சீட் நுணுக்கமாகத் தேய, வால்வு ஹெட்டுக்குள் மேல்நோக்கிப் புதைந்துகொண்டே போகும். தண்டின் நுனி ராக்கர் பக்கம் ஏறும், டாப்பெட் இடைவெளி குறையும், ஒரு கட்டத்தில் பூஜ்யமாகும். அதன் பிறகு வால்வு முழுதாக உட்காராது, சூட்டை இறக்கி வைக்க இடம் இருக்காது, எரிந்த வாயு அந்த நூலிடை வழியே பாய்ந்து விளிம்பை அரித்துவிடும். மீத்தேன் பெட்ரோலைவிட மெதுவாக எரியும். கிட்டில் தீப்பொறியை முன்கூட்டியே விடும் டைமிங் அட்வான்ஸர் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் திறக்கும் நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும், சூடு இன்னும் கூடும்.

டாப்பெட் தட்டுகிறது என்று எல்லோரும் ஓடிவருகிறார்கள். தட்டும் டாப்பெட் சத்தத்தோடு நின்றுவிடும், இடைவெளி இல்லாத டாப்பெட் சத்தமே போடாமல் வால்வை எரிக்கும். கேஸ் வண்டியில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் போட்டே ஆக வேண்டும்.

மஞ்சள்பலகை:

ஒரு மாற்றுக் கருத்து. 1,14,000 ஓடின இன்ஜினில் ஹெட்டை மட்டும் புதுசாக்கினா மேலே இறுக்கமாகி அழுத்தம் கூடும், பழைய ரிங் தாங்காம ஆறு மாசத்தில் ஆயில் அடிக்க ஆரம்பிக்கும். வாடகை வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ரெண்டு தடவை பிரிச்சா ரெண்டு தடவை கூலி, ரெண்டு தடவை கேஸ்கட், வண்டி ரெண்டு தடவை நிக்கும். அதையும் கணக்கில் வைங்க. குறைஞ்சபட்சம் ரிங்காவது போட்டுடலாம்.

ஸ்பானர்14:

மஞ்சள்பலகை அண்ணா, கூலிக் கணக்கு நியாயம்தான். ஆனா அழுத்தக் கணக்கு இங்கே ஒத்துவரல. 1வதும் 2வதும் 160 பக்கம் அடிச்சு, அதே வயசு ரிங்கோட ஓடிட்டுத்தான் இருக்கு. 3வதைச் சரிசெஞ்சா அதுவும் 160க்கு வரும், அதுக்கு மேல போகாது. எரியும்போது வர்ற அழுத்தம் இந்த 160ஐப் போலப் பல மடங்கு, அதையே அந்த ரிங்குகள் தினமும் தாங்குது. ஹெட் வேலைக்கு அப்புறம் ஆயில் அடிக்கிற வண்டிகளில் ரிங் முன்னாடியே போயிருக்கும், யாரும் அளந்திருக்க மாட்டாங்க. இல்லன்னா வால்வு சீல் மாத்தாம விட்டிருப்பாங்க, கைடு ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டாங்க.

1000 கி.மீ.க்கு 150 மி.லி. இந்த ஓட்டத்துக்குச் சாதாரணம். ரிங் மட்டும் மாத்துறதும் சும்மா இல்லை. போரின் மேல் விளிம்பில் நகம் மாட்டுற அளவுக்குப் படி விழுந்திருந்தா புது மேல் ரிங் அதில் மோதி உடையும். ஹோனிங் செய்யாம, அதாவது போரைக் கல்லால் லேசா சொரசொரப்பாக்காம, வழவழப்பான போரில் போட்டா புது ரிங் உட்காரவே உட்காராது, முன்னை விட அதிகமா ஆயில் குடிக்கும்.

நாலுசக்கரம்:

நன்றி. எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. 3வது எக்ஸாஸ்டில் மிக மெல்லிய தகடும் நுழையல, இன்டேக் சரியா இருந்துச்சு. 1வது, 2வது எக்ஸாஸ்ட் 0.08 பக்கம். எல்லாத்தையும் மேனுவல்படி வச்சு எடுத்ததில் 3வது 98இலிருந்து 112க்கு மட்டும் வந்துச்சு. ஆயில் விட்டு 117. காத்து கொடுத்தப்போ சைலன்சரில் தெளிவா சீறுது, ஆயில் வாயில் லேசா மட்டும். மத்த ரெண்டிலும் ஈரச் சோதனையில் 10 பிஎஸ்ஐக்குள்தான் ஏறுச்சு. ஹெட்டை இறக்கினா எதை எதைக் கேட்டு வாங்கணும்?

லேத்பட்டறை:

3வது எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிட்டது. மற்ற இரண்டு எக்ஸாஸ்டும் 0.08க்கு வந்துவிட்டதால் அவையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. மூன்று எக்ஸாஸ்ட் வால்வையும் மாற்றுங்கள். ரிங்குக்குத் தேவையில்லை.

ஹெட் கழற்றுவது முழுதாக ஆறிய பிறகுதான். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று சுற்றில் தளர்த்தச் சொல்லுங்கள். நடுவை முதலில் அவிழ்த்தால் அலுமினிய ஹெட் வளையும். வந்ததும் நேர்விளிம்புப் பட்டை வைத்து நீளம், அகலம், குறுக்கு என்று எல்லா வாக்கிலும் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் தகடு நுழைந்தால் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்யுங்கள், அதுவும் மேடு போகும் அளவுக்கு மட்டும். அதிகம் சீவினால் கம்ப்ரஷன் விகிதம் ஏறி பெட்ரோலில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும்.

லேத்தில் கேட்க வேண்டியது முதலில் கைடு. வால்வைச் சற்று தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் கையில் தெரியும். கைடு தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் சீட் வெட்ட வேண்டும், ஏனென்றால் சீட் கட்டர் கைடையே மையமாகப் பிடிக்கிறது. சீட் மிகவும் உள்ளே போயிருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புது இன்சர்ட் (சீட் வளையம்) அடித்து வாங்குங்கள், கேஸுக்கு ஏற்ற கடினமான வகை என்று கேளுங்கள். சீட் முகம் 45 டிகிரி, தொடும் பட்டை 1.3 முதல் 1.5 மி.மீ. இதைவிட மெலிந்தால் சூடு இறங்காது, அகலமானால் கார்பன் மாட்டிக் கசியும்.

அதன்பிறகு பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டோடு தேய்க்கும் லேப்பிங், மெல்லிய பேஸ்ட்டில் சுருக்கமாக. முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, கைடுக்குள் துணி விட்டுத் துடைக்க வேண்டும். மிஞ்சும் பேஸ்ட் புது கைடை அரைத்துவிடும். ஆறு வால்வு சீலும் புதிது. ஸ்ப்ரிங் பூட்டியபின் போர்ட்டுகளில் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். வால்வு ஓரம் ஈரம் தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், வண்டியில் பூட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை.

பூட்டும்போது புது கேஸ்கட். பிளாக்கின் போல்ட் குழிகளில் தண்ணீரோ ஆயிலோ நின்றால் காற்றடித்து எடுக்க வேண்டும். மூடிய குழியில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும் அழுத்தத்தில் பிளாக் விரியும், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சும் பொய் சொல்லும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேனுவல் அளவை மூன்று கட்டமாகப் பிரித்து. டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்றுகிறீர்கள், பெல்ட்டும் டென்ஷனரும் புதிதாகப் போடுங்கள். இரண்டு முழுச் சுற்று கையால் சுழற்றி, எங்கும் தட்டவில்லை, மார்க் ஒத்து வருகிறது என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்டர்.

புது சீட் ஆரம்பத்தில் வேகமாக உட்காரும். அதனால் 1000 கி.மீ.யில் இன்ஜின் ஆறிய நிலையில் டாப்பெட் ஒருமுறை, பிறகு 10,000க்கு ஒருமுறை. காலையில் முதல் ஸ்டார்ட்டும் ஒன்றிரண்டு கிலோமீட்டரும் பெட்ரோலில் ஓட்டுங்கள். கேஸ் டியூனிங் செய்பவரிடம், மைலேஜுக்காகக் கலவையை மெலிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மஞ்சள்பலகை:

இந்த எண்களைப் பார்த்தா ஹெட் வேலை போதும், ஒத்துக்கறேன். இறக்கும்போது போரில் படி இருக்கான்னு நகத்தால் தடவிப் பாருங்க. பழைய 3வது வால்வைக் கையில் கேட்டு வாங்குங்க, விளிம்பில் கடிச்ச மாதிரி ஒரு வெட்டு இருக்கணும். அது இல்லைன்னா ஹெட்டில் விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட் பண்ணாம பூட்ட விடாதீங்க.