மரியன் தீவின் அசுவினிக் குளவி: மேட்ரிகேரியேவா, கோல்மானியா? எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: புல்நுனி

தென்னாப்பிரிக்காவின் மரியன் தீவில் 2000-களின் தொடக்கத்தில் அசுவினியைத் தாக்கும் ஒரு ஒட்டுண்ணிக் குளவி புதிதாகக் குடியேறியது. அதை அஃபிடியஸ் மேட்ரிகேரியே என்று உறுதி செய்து 2007-இல் போலார் பயாலஜி இதழில் கட்டுரை வந்தது. தீவில் அதற்கு இரை ரோபலோசைஃபம் பாடி என்ற அசுவினி. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், போவா குக்கி புல்லில் வாழ்கிறது.

பயிற்சிக்காக வகைப்பாட்டுச் சாவி ஒன்றை (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்து இனம் காணும் பட்டியல்) இந்தக் குளவிக்குப் பொருத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மேட்ரிகேரியே, கோல்மானி, ரோபலோசைஃபி என்ற மூன்று அஃபிடியஸ் இனங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறேன். இறக்கை நரம்பு மூன்றிலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. உணர்கொம்புக் கணுக்களோ ஒரு சாவியில் 14, இன்னொன்றில் 12 என்று இருக்கின்றன. எந்த உறுப்பை நம்புவது? இப்படி ஒரு தொலைதூரத் தீவில் "புதிய பதிவு" என்று சொல்ல எவ்வளவு சான்று வேண்டும்?

பதில் 1: சிறகுநரம்பு

கணு எண்ணிக்கைக் குழப்பம் எளிதில் தீரும். சில சாவிகள் உணர்கொம்பை முழுதாக எண்ணும், அடிக்கணுவும் அதற்கு அடுத்த குட்டைக் கணுவும் சேர்த்து. சில சாவிகள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு மேலே உள்ள இழைக்கணுக்களை மட்டும் எண்ணும். ஆக முதல் சாவியின் 14, இரண்டாவதில் 12. முரண்பாடு எதுவும் இல்லை.

பெண் குளவியில் மொத்தக் கணு மேட்ரிகேரியேவுக்கு 14 அல்லது 15, ரோபலோசைஃபிக்கு 16 அல்லது 17, எர்வை என்ற இன்னொரு அஃபிடியஸ் இனத்துக்கு 18, 19 வரை. கோல்மானி 15, 16 என்று நடுவில் வந்து தொல்லை தரும். ஆணுக்குப் பொதுவாக ஓரிரண்டு கணு கூடுதல். ஆணையும் பெண்ணையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணினால் எல்லா இனமும் எல்லாமாகத் தெரியும். ஆண்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பெண்களில் மட்டும் தொடங்குங்கள். நுனிக்கணு கூம்பாக முடிகிறதா என்றும் பாருங்கள். சப்பையாக நின்றால் கொம்பு முறிந்திருக்கிறது, அந்த எண்ணிக்கை செல்லாது.

இறக்கையை வைத்து அஃபிடியஸ் என்ற பேரினம் வரை போகலாம். அதற்கு மேல் அதை மட்டும் நம்பி இனம் சொல்ல முடியாது. கைகொடுப்பது வாயின் பால்ப்தான், அதாவது வாயருகே தொங்கும் கணுக்கள் கொண்ட சிறு உணர் உறுப்பு. மேட்ரிகேரியேவில் மேல்தாடைப் பால்ப் 3 கணு, கீழுதட்டுப் பால்ப் 1 கணு. கோல்மானியில் 4, 2. ரோபலோசைஃபி, எர்வை இரண்டிலும் 4, 3. அந்த ஒற்றைக் கணு கீழுதட்டுப் பால்ப் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இடுப்புக் காம்பின் முன்பக்க ஓரத்தையும் பாருங்கள். எர்வையில் அது ஒழுங்கற்ற சுருக்கமாக இருக்கும். மற்ற மூன்றிலும் மெல்லிய வரிகள், சீப்புப் பல் போல. இந்த அடையாளம் எர்வையை விலக்க மட்டுமே உதவும். காம்பைச் சரியான பக்கவாட்டில் கிடத்திப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் வரி சுருக்கமாகத் தெரியும், சுருக்கம் வரியாகத் தெரியும்.

பதில் 2: கண்ணாடித்தகடு

மேலே சொன்ன பால்ப் பாடம் சரி. நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடு போடத் தெரியாமல் அதைப் பார்க்க முடியாது என்பதால் அந்த வேலையைச் சொல்கிறேன்.

96 சதவீத எத்தனாலில் கிடந்த குளவி விறைத்துப்போயிருக்கும், தொட்டால் கொம்பு உதிரும். அறுப்பதற்கு முன் 70 சதவீதத்தில் சில மணி நேரம் ஊற விடுங்கள். வலது முன் இறக்கை, தலை, இடுப்புக் காம்பு மூன்றையும் பிரித்து எடுங்கள். இறக்கைக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். தலையை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் வைத்து மணிக்கொரு தடவை பாருங்கள். வெளிர் நிறக் குளவியில் கூடுதல் கவனம் வேண்டும். அதிக நேரம் விட்டால் பால்ப் கண்ணாடி போலாகிக் கணுக்களுக்கு இடையிலுள்ள கோடே மறைந்துவிடும். மூன்றை இரண்டாக எண்ணும் தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பிறகு தண்ணீரில் கழுவி, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலத்தில் காரத்தை முறித்து, வாய் மேல்நோக்கி இருக்குமாறு தகட்டில் வையுங்கள்.

எதிர்த்திசைத் தப்பும் உண்டு. மேல்தாடைப் பால்ப் முளைக்கும் அடிமேடு ஒரு குட்டிக் கணு போலவே இருக்கும். அதைச் சேர்த்து எண்ணினால் மேட்ரிகேரியேவின் 3 நான்காகி, குளவி கோல்மானியாகிவிடும். அதனால் நுனியிலிருந்து அடியை நோக்கி எண்ணுங்கள். 400 மடங்கில், நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துளையைக் குறுக்கிவைத்தால் கோடுகள் எடுப்பாகத் தெரியும். இரண்டு பக்கப் பால்ப்பையும் பாருங்கள், ஒரு பக்கத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது பத்துப் பெண் குளவிகளாவது வேண்டும்.

பதில் 3: மம்மிக்கூடு

இருவரும் குளவியிலேயே நின்றுவிட்டீர்கள். "பதிவு" என்ற சொல்லுக்குக் குளவியைவிட மம்மிதான் (உள்ளே குளவி வளர்ந்து, செத்து உப்பி இறுகிய அசுவினித் தோல்) பெரிய சான்று. கப்பலோடு வந்து இறங்கிய ஒற்றைக் குளவி பூச்சி பிடிக்க வைக்கும் மஞ்சள் தட்டில் விழலாம். அது தீவில் வாழ்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் தீவின் அசுவினிக்குள் வளர்ந்து வெளிவந்தால், அதுவும் வெவ்வேறு பருவங்களில் திரும்பத் திரும்ப வந்தால், குடியேறிவிட்டது என்று பொருள்.

அஃபிடியஸ் மம்மி வைக்கோல் நிறத்தில் உப்பிய காகிதப் பை போல இலையோடு ஒட்டியிருக்கும். கறுப்பு மம்மி என்றால் எஃபெட்ரஸ் அல்லது அஃபெலினஸ் என்ற வேறு பேரினக் குளவிகள். அசுவினித் தோலுக்கு அடியில் தனிக் கூடு இருந்தால் பிரவோன் என்ற பேரினம். மம்மியைப் பிய்க்காமல் இலைத்துண்டோடு வெட்டி, ஒரு ஜெலட்டின் குப்பிக்கு ஒரு மம்மி என்று போடுங்கள். பத்தை ஒன்றாகப் போட்டால் எந்தக் குளவி எதிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஈரப் பஞ்சு வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்துப் புல் அது, பூஞ்சைக்கு நீங்கள் வேறு உதவ வேண்டியதில்லை. குளவி வராத மம்மியையும் உடனே எறியாதீர்கள், குளிரில் உறங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்தும் வெளிவரலாம்.

வெளிவந்த துளையையும் பாருங்கள். அஃபிடியஸ் வட்டமாக அறுத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். ஓரம் கடித்துக் குதறியிருந்தால் வந்தது டென்ட்ரோசெரஸ், அசஃபெஸ், அல்லோக்ஸிஸ்டா மாதிரி, ஒட்டுண்ணியையே தின்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு "அசுவினியின் எதிரி புதிதாகக் கிடைத்தது" என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும்.

அதே கூட்டத்திலிருந்து உயிருள்ள அசுவினிகள் சிலவற்றையும் எத்தனாலில் போட்டு வையுங்கள். காலியான மம்மித் தோலை வைத்து இரையின் இனத்தைச் சொல்வது பெரும்பாடு.

கேள்வி: புல்நுனி

நன்றி. நுனியிலிருந்து எண்ணினேன், 3, 1 தெளிவாக வந்துவிட்டது. ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. இவ்வளவு பாடுபடாமல் டிஎன்ஏ பார்கோடு (இனத்தை அடையாளம் காட்டும் ஒரு குறுகிய மரபணுத் துண்டு) ஒன்றிலேயே முடித்துவிடக்கூடாதா?

பதில் 4: சிறகுநரம்பு

பார்கோடு வேண்டும், அது மட்டும் போதாது. கோல்மானி என்ற பெயரில் உள்ள பழைய டிஎன்ஏ வரிசைகளை நம்பி இறங்காதீர்கள். 2014-இல் அந்தக் குழுவைக் கோல்மானி, டிரான்ஸ்காஸ்பிகஸ், பிளாட்டென்சிஸ் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அதற்கு முன் பொதுத் தரவுத்தளத்தில் ஏறியவை பழைய பெயரிலேயே கிடக்கலாம். நெருங்கிய பொருத்தம் காட்டும் பெயரை அப்படியே எடுக்காமல், அந்த மாதிரியை யார் எதை வைத்து இனம் கண்டார்கள் என்று பாருங்கள்.

குளவியை அரைக்காமல் முழுதாகவே புரோட்டினேஸ் கே என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த கரைசலில் 56 டிகிரியில் வைத்து டிஎன்ஏ எடுக்கலாம். உள்ளே தசை கரைந்து வெளியே ஓடு மிஞ்சும், அதையே கழுவித் தகடாக்கலாம். எல்சிஓ1490, எச்சிஓ2198 பிரைமர்களில் (பார்கோடு துண்டைப் பெருக்கத் தொடக்கமாக இடும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) 658 காரங்கள் நீளத் துண்டு கிடைக்கும். இந்தக் குளவிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஏ, டி காரங்கள் மிகுதி, நீண்ட டி ஓட்டத்தில் வரிசை சறுக்கும். அதனால் இரு திசையிலும் படியுங்கள். புரதமாக மாற்றிப் பாருங்கள், நடுவில் நிறுத்தக் குறி (புரதம் அங்கே முடிகிறது என்று காட்டுவது) வந்தால் அது உட்கருவில் போய் ஒட்டிய போலிப் பிரதி. மம்மியை முழுதாகப் போட்டால் அசுவினியின் டிஎன்ஏவும் கலந்து வரும்.

தீவின் குளவிகளில் ஒரே ஒரு வரிசைதான் வருகிறது என்றால் வந்தவை மிகச் சில என்று கொள்ளலாம். கருவுற்ற ஒரு பெண்ணே போதும். கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும், ஆகவே இரு பாலும் அவளிடமிருந்தே வரும். எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஒரு வரிசை சொல்லாது. பசுமைக்குடில்களில் அசுவினிக்கு எதிராக விட மேட்ரிகேரியேவை விற்கிறார்கள், எங்கும் பரவிய இனம்.

பதில் 5: மம்மிக்கூடு

ஒரு சிறு சேர்க்கை. தகடு, ஓடு, மம்மித் தோல், அசுவினி நான்குக்கும் ஒரே எண் கொடுங்கள். இடம், உயரம், தேதி, புல்லின் பெயர் எல்லாம் அந்த எண்ணின் கீழ் வரட்டும். தீவு 1995 முதல் சிறப்பு இயற்கைக் காப்பகம், அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது. சேகரித்தவர் பெயரோடு அனுமதி எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். மாதிரிகளைக் கேப் டவுனில் உள்ள இசிக்கோ தென்னாப்பிரிக்க அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் வைத்துவிட்டால், கோல்மானி மாதிரி மேட்ரிகேரியேவையும் நாளை யாராவது பிரித்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.